பெயரிடாமல் எறிந்த தட்டு

சாய்ந்தமருது
11.01.2010

றெமிஜியஸ் அண்ணனுக்கு,

அனுப்புநர் பெயரைக் கண்டதும் உறையைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். எனக்காக எழுதவில்லை. உங்கள் மகள் சொனியாவுக்காக எழுதுகிறேன்.

பதினேழு நாளுக்கு முன் சத்திரசிகிச்சை வாட்டில் இருந்து லாபுக்குப் பரிசோதிக்க ஒரு சீழ் மாதிரி வந்தது. படிவத்தில் பெயரைப் பார்த்தேன். றெ. சொனியா, வயது 16. நேரே வாட்டுக்குப் போனேன். உங்கள் மச்சான் யாகோப்பு கட்டிலருகே நின்றார். சுனாமியில் முறிந்த வலது தொடைக்கு வெளிநாட்டு டொக்டர்மார் கூடாரத்தில் வைத்து இரும்புத் தகடு போட்டார்களே, அந்தத் தழும்பு போன வருடம் வாய் திறந்திருக்கிறது. ஊசி போட்டால் மூடுமாம். மூன்று கிழமையில் திரும்பத் திறக்குமாம். நாலு தரம் இப்படி. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று சொனியாதான் மாமாவைத் தடுத்திருக்கிறாள். பிள்ளை மெலிந்து, பின்னேரத்தில் காய்ச்சலில் காய்ந்து கிடக்கிறாள். எலும்புக் காசம் என்று அந்த மருந்தைத் தொடங்கியிருக்கிறார்கள்.

நான் மாதிரியை வளர்ப்புத் தட்டில் தடவி வளர்த்துப் பார்த்தேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் வெள்ளைப் புள்ளிகள். நாலாம் நாள் அவை காய்ந்து சுருக்கம் விழுந்தன, வெயிலில் கிடந்த பூ மாதிரி. ஜென்டாமைசின் மருந்துக்கு அசையவில்லை.

அண்ணன், இதை நான் முன்பு ஒருதரம் பார்த்திருக்கிறேன். எங்கே, யாருடைய தட்டில் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அன்று வாட் நடையில் எல்லார் முன்னாலும் நீங்கள் என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. “நீதான் எறிஞ்ச. என்ட பெஞ்சாதிட தட்ட நீதான் எறிஞ்ச.” ஓம் என்றேனே தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் ஓம்தான். ஆனால் இந்த முறை நான் எறியவில்லை. கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். ‘சூடோமோனாஸ் வகை, மேலும் பிரிக்கவில்லை’ என்று ஒரு வரி வந்தது. அதை எடுத்துக்கொண்டு பெரிய டொக்டரிடம் போனேன். நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். “ஜெமீலா, தட்டு சுருங்கியிருக்கு எண்டதுக்காக ஒரு பிள்ளைக்கு மாசக்கணக்கா மருந்து ஏத்த ஏலாது. காலத் திறந்து தகட்டக் கழட்டவும் ஏலாது. எனக்குப் பேரைக் கொண்டு வாங்க” என்றார்.

பெயரை இங்கே யாராலும் சொல்ல முடியவில்லை. யாகோப்புதான் சொன்னார்: “மச்சான் அங்க ஒரு பெரிய ஆசுபத்திரி லாப்ல கிளாஸ் கழுவுறார். கிருமிட பேர உடன சொல்ற மெசின் ஒண்டு அங்க புதுசா வந்திருக்காம்.” அதைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

நாம் ஒன்பது வருடம் ஒரே மேசையில் வேலை செய்தோம். அந்த ஒன்பது வருடத்தின் பேரில் கேட்கவில்லை. பிள்ளையின் பேரில் கேட்கிறேன்.

ஜெமீலா

*

டோர்ட்முண்ட், ஜேர்மனி
29.01.2010

ஜெமீலா மிஸ்,

தொலைபேசியில் அழைக்க வேண்டாம். யாகோப்பிடம் என் இலக்கம் இருக்கிறது என்று தெரியும். உங்கள் குரலைக் கேட்டால் அந்த வாட் நடை எனக்குத் திரும்ப வந்துவிடும். எழுதுங்கள், எழுதினால் வாசிப்பேன்.

நான் இங்கே லாப்காரன் இல்லை. கழுவுகிறவன். ஆனால் எங்கள் பகுதித் தலைவி டொக்டர் பிராண்ட், நான் ஊரில் என்ன வேலை பார்த்தேன் என்று ஒருநாள் கேட்டறிந்தவ. அவவிடம் கதைத்தேன். மகள் என்று சொன்னேன். உயிரோடு எதுவும் வரக்கூடாது, கொன்று அனுப்பினால் பார்க்கலாம் என்கிறா.

தனித் தட்டில் இருந்து நாலைந்து புள்ளி எடுங்கள். சிறு குழாயில் மூன்று பங்கு தண்ணீரில் கரைத்து ஒன்பது பங்கு சுத்த ஸ்பிரிட் சேர்த்துக் கலக்குங்கள். சுழற்றும் மெசினில் சுற்றி இறக்கி, மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, அடியில் இருப்பதை உலர்த்துங்கள். அதில் கொஞ்சத்தைத் திரும்பத் தட்டில் தடவி ஒரு கிழமை பாருங்கள். ஒன்றும் முளைக்காவிட்டால் மட்டும் அனுப்புங்கள். ஆசுபத்திரிப் பொறுப்பாளரின் கடிதம் சேர வேண்டும். முகக்கவசம் போடுங்கள். மூடியைத் திறந்து மூக்கருகில் கொண்டுபோக வேண்டாம். நாமெல்லாம் அப்படித்தான் செய்தோம். இங்கே அதைக் கேட்டால் பயந்துபோகிறார்கள்.

நான் வர முடியாது. என் அகதி அட்டையில் எல்லா நாட்டுக்கும் போகலாம், ஒரு நாட்டைத் தவிர. போன வைகாசியில் யுத்தம் முடிந்த செய்தியை இங்கே தொலைக்காட்சியில் பார்த்தோம். அடுத்த மாதமே இங்குள்ள அகதிகள் இலாகாவில் இருந்து கடிதம் வந்தது: இன்னும் பயம் இருக்கிறதா என்று. இருக்கிறது என்று எழுதினேன்.

சொனியா கிழமைக்கு ஒருதரம் என்னோடு கதைப்பாள். ஒருநாளும் காலைப் பற்றிச் சொன்னதில்லை. “நல்லா இருக்கன் அப்பா” என்பாள். அவ்வளவுதான்.

நீங்களே அந்தத் தட்டைப் பற்றி எழுதியபடியால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்ரனீற்றாவின் தட்டைச் சும்மா தெரியாமல் எறிந்திருந்தால் நான் ஒருவேளை ஆறியிருப்பேன். ஆனால் அந்த மூடியில் நீங்கள் சிவப்புப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தீர்கள். உங்களுக்குச் சந்தேகம் இருந்தது. இருந்தும் எறிந்தீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

றெமிஜியஸ்

*

சாய்ந்தமருது
13.02.2010

றெமிஜியஸ் அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னபடி செய்து, எட்டு நாள் பார்த்து, ஒன்றும் முளைக்காததால் அனுப்புகிறேன். பெட்டிக்குள் இரண்டு குழாய் இருக்கின்றன. பச்சை மூடி சொனியாவுடையது.

வெள்ளை மூடி அன்ரனீற்றாவுடையது.

எப்படி என்று கேட்பீர்கள். 2005 தை மாதம் பதினாறாம் திகதி, அந்தத் தட்டில் இருந்து ஒரு புள்ளியை எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீர்க் குழாய்க்குள் போட்டு மூடினேன். நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம் என்று. நேரம் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அவ போய்விட்டா. பிறகு அந்தக் குழாயைப் பார்க்கவும் துணிவில்லை, எறியவும் துணிவில்லை. பழைய சாயப் போத்தல்களுக்குப் பின்னால் ஐந்து வருடம் இருந்தது. ஒவ்வொரு நாளும் அந்த அலுமாரியைத் திறப்பேன், அந்தப் பக்கம் மட்டும் பார்க்கமாட்டேன்.

இந்த மாதம் எடுத்து ஒரு துளி தட்டில் விட்டேன். செத்திருக்கும் என்று நினைத்தேன். சாப்பாடு இல்லை, வெளிச்சம் இல்லை, வெறும் தண்ணீர். இரண்டாம் நாள் முளைத்தது, அண்ணன். நாலாம் நாள் சுருங்கியது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு இருந்துவிட்டேன். அவ உயிரோடு இல்லை, அவவைக் கொன்றது இருக்கிறது.

இதைப் பார்ப்பதும் பார்க்காமல் விடுவதும் உங்கள் விருப்பம். சொனியாவின் மருந்துக்கு இது தேவையில்லை.

நான் ஏன் அன்று பின்தொடரவில்லை என்று உங்களுக்குத் தெரியவேண்டும். நத்தாருக்கு மறுநாள் அன்ரனீற்றா கேக் கொண்டு என் வீட்டுக்குத்தான் வந்தா. நான் வரச் சொல்லித்தான் வந்தா, சொனியாவையும் கூட்டிக்கொண்டு. நான் டியூட்டியில் நின்றேன். என் உம்மா சல்மாவும் அவவும் முற்றத்தில் கதைத்துக்கொண்டு நிற்கத்தான் கடல் வந்தது. அவ தென்னையில் சிக்கினா. உம்மாவைக் காணவில்லை. வாட்டில் அவவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் காய்ச்சலில், “ஜெமீலா, சல்மா உம்மா வாசலில நிக்கிறா, உள்ள வரச் சொல்லு” என்பா. நான் திரும்பிப் பார்ப்பேன். யாரும் இல்லை. அதற்குப் பிறகு வாட்டுக்குப் போவதைக் குறைத்தேன். அதுவும் என் குற்றம்.

இப்போது ஒன்று கேட்கிறேன். கோபப்படாமல் யோசியுங்கள்.

அந்தக் கேள்விக்குறியைப் போட்டதும் அதே பதினாறாம் திகதிதான், மதியம் லுஹர் தொழுகைக்கு முன். போட்டுவிட்டுத்தான் பின் அறைக்குத் தொழப் போனேன். தொழுது முடிக்குமுன் ஆள் வந்து, மருதமுனைக் கரையில் ஒரு பெண் ஒதுங்கியிருக்கிறா, உங்கள் உம்மாவோ என்று வந்து பாருங்கள் என்றார். அப்படியே ஓடினேன். அது உம்மா இல்லை. மூன்று நாள் கரை கரையாக அலைந்துவிட்டுத்தான் லாபுக்குத் திரும்பினேன். தட்டைக் காணவில்லை. வாட்டில் ரிப்போட் கேட்டு நின்றார்கள். அந்த வாரம் எல்லாருக்கும் எழுதியதையே எழுதினேன்: ‘கலப்புக் கிருமிகள், முக்கியத்துவம் இல்லை.’ நான்தான் எறிந்தேன் என்று நீங்கள் குற்றஞ்சாட்டினீர்கள். ஓடுமுன் எறிந்திருப்பேன் என்று நானும் நம்பினேன். நினைவு இல்லை. எத்தனை தரம் யோசித்தாலும் என் கை அதை எடுத்து வாளிக்குள் போடுவது எனக்குத் தெரியவே இல்லை.

அந்தக் குறியைப் பற்றி நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. நீங்கள் அந்த நாட்களில் லீவில் வாட்டில் இருந்தீர்கள். அதை எப்போது கண்டீர்கள்?

ஜெமீலா

*

டோர்ட்முண்ட்
16.03.2010

ஜெமீலா மிஸ்,

பச்சை மூடிக் குழாயின் முடிவு இத்துடன் இருக்கிறது. ஆங்கிலத்தில் உள்ள கடிதத்தைப் பெரிய டொக்டரிடம் உடனே கொடுங்கள். அதன் பிரதியை ஆசுபத்திரிக்கு பக்ஸ் பண்ணியிருக்கிறோம்.

எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். கையளவு உருக்குத் தகட்டில் கிருமியைப் பொட்டுப் பொட்டாகத் தடவி, மேலே ஒரு துளி இரசாயனம் விட்டு உலர்த்துகிறார்கள். மெசினுக்குள் லேசர் அதை அடிக்கிறது. கிருமியின் புரதங்கள் உடைத்துக்கொண்டு காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் பறக்கின்றன. பாரம் குறைந்தது முந்தி வரும், பாரம் கூடியது பிந்தி வரும். வந்து சேர்ந்த நேரத்தை வைத்து மலைத்தொடர் மாதிரி ஒரு கோடு விழும். ஒவ்வொரு கிருமிக்கும் தன் கோடு. தன்னிடமுள்ள ஆயிரக்கணக்கான கோடுகளோடு ஒப்பிட்டு மெசின் பெயரைச் சொல்லும். நாம் கிழமைக்கணக்காக இருந்து தேடியதைச் சில நிமிடத்தில் முடித்துவிடுகிறது.

டொக்டர் பிராண்ட் என்னைப் பக்கத்தில் நிற்க விட்டா. திரையில் வந்த பெயர்: பேர்க்கோல்டேரியா தாய்லாண்டென்சிஸ். வயல் மண்ணில் இருப்பது, மனிதருக்கு அநேகமாக ஒன்றும் செய்யாது என்றா.

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மகளின் கால் சீழ் வடிந்துகொண்டிருக்கிறது, நான் நிம்மதிப்பட்டேன். ஒன்றும் செய்யாத கிருமி என்றால் அன்று எறிந்ததும் பிழை இல்லை அல்லவா?

அவ திரையை மூடவில்லை. “உன் மகளுக்கு எங்கே காயம் பட்டது?” என்று கேட்டா. கடல் உள்ளே வந்தபோது, வயல்சேறும் கடலும் கலந்த தண்ணீரில் என்றேன். எழும்பி அலுவலகத்துக்குப் போய் யாருக்கோ போன் எடுத்தா. அப்போதுதான் தெரிந்தது. இதற்கு ஒரு உடன்பிறப்பு இருக்கிறது, கொல்லும் உடன்பிறப்பு. ஆயுதமாக்கக்கூடிய கிருமிகளின் பட்டியலில் அது இருப்பதால், அதன் கோட்டைச் சாதாரண மெசின்களில் வைப்பதில்லை, பூட்டிய தொகுப்பில் வைத்திருக்கிறார்கள். எங்கள் மெசினுக்கு அதைத் தெரியாது. ஆகவே தெரிந்ததில் கிட்டியதைச் சொல்லியிருக்கிறது. நம்முடைய கோட்டை அந்தத் தொகுப்பு உள்ள இடத்துக்கு அனுப்பினார்கள். மரபணுவும் பார்த்தார்கள். பத்து நாளில் பதில் வந்தது.

பேர்க்கோல்டேரியா சூடோமாலை. நோய்க்குப் பெயர் மெலியோய்டோசிஸ்.

காசம் மாதிரி நடிக்கும். உடம்புக்குள் வருடக்கணக்காகத் தூங்கும். இரும்புத் தகடு கிடைத்தால் அதன் மேல் வழும்பு கட்டி, அந்தப் படலத்துக்குள் இருந்துகொள்ளும். மருந்து அங்கே போய்ச் சேராது. அதனால்தான் மூடி மூடித் திறந்தது. தகடு வெளியே வரவேண்டும். செப்டாசிடிம் என்ற ஊசி மருந்தைக் கிழமைக்கணக்காக ஏற்ற வேண்டும். பிறகு மாதக்கணக்காகக் குளிசை.

வெள்ளை மூடிக் குழாய் இன்னும் என் லொக்கரில் இருக்கிறது.

றெமிஜியஸ்

*

சாய்ந்தமருது
24.04.2010

றெமிஜியஸ் அண்ணனுக்கு,

பெரிய டொக்டர் பக்ஸை இரண்டு தரம் வாசித்தார். “பேர் வந்திட்டு. இனி எனக்கு வேலை இருக்கு” என்றார். காச மருந்தை அன்றே நிறுத்தினார். ஊசி மருந்து இங்கே போதாமல் இருந்தது. யாகோப்பு கண்டிக்கும் மட்டக்களப்புக்கும் ஓடினார். வழியில் ஒரு சோதனைச்சாவடியிலும் மறிக்கவில்லையாம், பழக்கத்தில் தானே நிறுத்தி அடையாள அட்டையை நீட்டியிருக்கிறார்.

தகட்டை ஒன்பதாம் திகதி எடுத்தார்கள். லாபுக்குத் தந்தார்கள். எலும்போடு ஒட்டியிருந்த பக்கம் முழுக்க, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பிடிக்கும் பாசி மாதிரி வழும்பு. விரல் பட்டால் வழுக்கும், கழுவினால் போகாது. சுரண்டித்தான் எடுத்தேன். ஐந்து வருடம் அந்தப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.

காய்ச்சல் எட்டாம் நாள் விட்டது. நேற்று இடியப்பம் கேட்டாள். நான் கொண்டுபோனேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

“அன்ரி, எனக்கு வந்த வருத்தம்தானா அம்மாவுக்கும் வந்த?”

“இன்னும் பாத்து முடியல்ல மகள்.”

“யாரு பாக்கோணும்?”

“உங்கட அப்பா.”

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். சிவப்புக் கேள்விக்குறியை எப்போது கண்டீர்கள் என்று எழுதியிருந்தேன். நீங்கள் மெசினைப் பற்றி மூன்று பக்கம் எழுதினீர்கள். அதற்கு ஒரு வரி எழுதவில்லை.

ஜெமீலா

*

டோர்ட்முண்ட்
08.05.2010

ஜெமீலா,

நீங்கள் தொழப் போன பிறகு நான் லாபுக்கு வந்தேன். அன்ரனீற்றாவின் தட்டைத் தேடித்தான் வந்தேன். மேசையில் தனியாக இருந்தது. மூடியில் கேள்விக்குறி. திறந்தேன்.

நான் லீவு எடுக்க முந்திய பத்து நாளில் அதே மாதிரித் தட்டுகள் பதினொன்று என் கையால் போயிருந்தன. இரத்தம், சளி, சீழ். “சேத்துத் தண்ணி குடிச்ச சனம், எல்லாம் கலப்பு, மினக்கெடாதீங்க” என்று உங்களுக்கும் சொல்லித் தந்தவன் நான்தான். அந்த ரிப்போட்டுகளில் கையெழுத்து என்னுடையது. அன்ரனீற்றாவின் தட்டு உண்மை என்றால் அந்தப் பதினொன்றும் உண்மை. அதில் எத்தனை பேர் அப்போதே செத்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நின்று அந்தச் சுருக்கங்களைப் பார்த்தேன். இது கலப்புத்தான், உம்மாவைத் தேடும் கவலையில் ஜெமீலா பிழையாகப் பார்த்திட்டா என்று வாய்விட்டுச் சொன்னேன். அறையில் ஒருவரும் இல்லை. பிறகு வாளிக்குள் போட்டேன்.

என் மனைவியின் தட்டை நான் எறிந்தேன், ஜெமீலா. நீங்கள் எறியவில்லை. உங்களுக்கு நினைவில்லாததற்குக் காரணம் அது நடக்கவில்லை.

அவ போன அன்று வெளிநாட்டு டொக்டர் ஒருவர், வளர்ப்புப் பரிசோதனை எங்கே என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீங்கள் நடையில் வந்துகொண்டிருந்தீர்கள். மூன்று நாள் கரையில் அலைந்த முகம். உங்கள் பக்கம் கையை நீட்டினேன். நீங்கள் ஓம் என்றீர்கள். இல்லை என்று நீங்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அங்கேயே விழுந்திருப்பேன்.

ஆயுதக்காரர் லாப் வாசலில் என் பெயரைக் கேட்டு வந்தது உண்மை. அதைச் சொல்லித்தான் இங்கே அட்டை வாங்கினேன். ஆனால் நான் அவர்களுக்குப் பயந்து மட்டும் ஓடவில்லை. இலாகாக்காரர் இன்னும் பயமா என்று கேட்கும்போது நான் நினைப்பது அந்த லாபை.

இங்கே கண்ணாடி கழுவும் மெசின் நின்ற பிறகு உள்ளே கொஞ்ச நேரம் தண்ணீர் வடியும். அந்தச் சத்தம் கடைசி நாள் அவ விட்ட மூச்சு. நாளுக்கு ஆறு தரம் கேட்கிறேன். வேறு வேலை தரட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

வெள்ளை மூடியைப் போன கிழமை கொடுத்தேன். டொக்டர் பிராண்ட் இரண்டு கோட்டையும் ஒரே திரையில் போட்டா. தாயுடையதும் மகளுடையதும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. எனக்குத் தெரிந்திருந்ததுதான். இருந்தும் பார்க்க வேண்டியிருந்தது.

இத்துடன் ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. சொனியாவுக்கு. இதே விசயம்தான். கொடுப்பதா விடுவதா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

றெமிஜியஸ்

*

சாய்ந்தமருது
18.07.2010

றெமிஜியஸ் அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பதில் எழுத இருந்து பல தரம் கிழித்தேன். ஏசி எழுதிய கடிதங்கள் அவை. இதிலும் கோபம் இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து வருடம் நான் என் கையை நம்பவில்லை. எதை வாளிக்குள் போட்டாலும் திரும்ப எடுத்துப் பார்ப்பேன். ஒரு தட்டை எறிய மூன்று நாள் எடுப்பேன். லாபில் எனக்குப் பின்னால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த நம்பிக்கையை நீங்கள் ஒரு வரியில் திருப்பித் தந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

சொனியாவின் உறையை நான் முடிவு செய்யவில்லை. அவள் பெயர் எழுதியிருந்தது, அவளிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “அப்பா போன்ல ஒருநாளும் அம்மாட பேர சொல்லல்ல அன்ரி. நான் நினைச்ச, மறந்திட்டார் எண்டு.” எழுதப் போகிறாயா என்று கேட்டேன். “இல்ல. அவர் இன்னும் எழுதட்டும்” என்றாள். ஊன்றுகோலை விட்டுவிட்டாள். கொஞ்சம் நொண்டல் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிறாள்.

பழைய பதிவேட்டை எடுத்தேன். பதினொரு பேரின் பதிவும் இருக்கிறது. பெரிய டொக்டரிடம் காட்டினேன். உயிரோடிருப்பவர்களைத் தேடிக் கூட்டிவாருங்கள், கிருமி இன்னும் உள்ளே தூங்கலாம் என்றார். இறந்தவர்கள் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. அது நானாகப் போவது.

முதல் பெயர் மீராமுகைதீன், எங்கள் ஊர் மீன்பிடிகாரர். 2005 மாசியில் மவுத், இறந்தவர்களில் ஒருவர். மனைவி சுபைறா வீட்டுத்திட்ட வீட்டில் மாமியோடு இருக்கிறா. லாபில் இருந்து வருகிறேன் என்றதும் ஆசுபத்திரி ரிப்போட் துண்டை எடுத்துக் காட்டினா. உங்கள் கையெழுத்து. விசயத்தைச் சொன்னேன். அவருக்கு இருந்தது இந்தக் கிருமியாக இருக்கலாம், அடையாளம் எல்லாம் ஒத்திருக்கிறது, ஆனால் தட்டு இல்லாதபடியால் உறுதியாகச் சொல்ல ஏலாது என்றேன்.

அவ குரலைத் தணித்துக் கேட்டா: “சேத்துல இருந்தா இது வந்த?”

“ஓம்.”

“அப்ப நான்தான். புள்ளயக் காணல்ல எண்டு நான்தான் அவர அந்தச் சேத்துக்குள்ள திரும்பத் திரும்ப அனுப்பின. மாமி இண்டைக்கும் செல்றா, நான்தான் அவர மவுத்தாக்கின எண்டு.”

சேறு இல்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “சேத்துல இருந்துதான் வந்த. ஆனா அதுக்கு மருந்து இரிந்த. கிருமி எங்கட மேசைக்கு வந்த. நாங்கதான் பேர் பாக்காம விட்ட. நீங்க இல்ல” என்றேன்.

சுபைறா எழும்பி என் கையைப் பிடித்து உள் அறைக்குக் கூட்டிப்போனா. மாமி கட்டிலில் தஸ்பீஹ் மணியோடு இருந்தா. “எனக்குச் சென்னத்த அப்படியே இவவுக்கும் செல்லுங்க” என்றா. சொன்னேன். கிழவி மணியை உருட்டுவதை நிறுத்தினா. மருமகளை நிமிர்ந்து பார்த்தா. பார்வையை எடுக்கவில்லை.

வெளியே வரும்போது சுபைறா கேட்டா, கையெழுத்துப் போட்டவர் எங்கே என்று. சொன்னேன். “நான் அவர ஏசுவன். ஏசாம விடமாட்டன். ஆனா அவரே வந்து வாயால செல்லணும். கடுதாசில இல்ல” என்றா.

பிறகு ஐந்து வீட்டுக்குப் போனேன். காரைதீவில் இருவர் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவருக்கு ஈரலில் கட்டி, மருந்து தொடங்கியாயிற்று. மற்ற வீடுகளைப் பற்றிப் பிறகு.

ஏழாவது பெயரை என்னால் வாசிக்க முடியவில்லை. உங்கள் எழுத்துக்கு மேல் தண்ணீர் பட்டு ஊறியிருக்கிறது. ‘பெண், 34’ மட்டும் தெரிகிறது. ஊரும் இல்லை. யார் அது? உங்களுக்கு நினைவிருந்தால் எழுதுங்கள்.

ஜெமீலா

*

டோர்ட்முண்ட்
05.08.2010

ஜெமீலா,

தங்கேஸ்வரி. திருக்கோவில், கடற்கரைப் பக்கம். வாட்டில் ஆள் இல்லாதபடியால் இரத்தம் எடுக்க நானே போனேன். கையில் பட்டி கட்டி இறுக்கும்போது கண்ணாடி வளையல் உடைந்துவிடும் என்று கழற்றி என் கையில் தந்தா, ஐந்து வளையல். எடுத்து முடிந்ததும் எண்ணிப் பார்த்து வாங்கிப் போட்டுக்கொண்டு, “என்ன வருத்தம் எண்டு எப்ப சொல்லுவீங்க?” என்று கேட்டா. மூன்று நாளில் என்றேன். மூன்றாம் நாள் நான் எழுதியது உங்களுக்குத் தெரியும். வயது முப்பத்திநாலு சரி. புருசனும் ஒரு பிள்ளையும் இருந்தார்கள்.

இன்று காலை இலாகாவில் என் அகதி அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்தால் திரும்ப எடுக்க ஏலாது என்று அந்தப் பெண் மூன்று தரம் சொன்னா. மூன்று தரமும் விளங்குகிறது என்றேன்.

செப்டம்பர் பதினாலு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறேன். அங்கே விசாரணைக்கு என்னை எத்தனை மணித்தியாலம் இருத்தி வைப்பார்களோ தெரியாது. விட்டதும் முதலில் சொனியாவிடம் வருவேன். அவள் கதவைத் திறக்காவிட்டால் வாசலில் இருப்பேன். பிறகு சுபைறாவிடம்.

திருக்கோவிலுக்கு நீங்கள் போகவேண்டாம். அந்த வீட்டுக்கு நான் போகவேணும்.

றெமிஜியஸ்